சுவரும் சில கேள்விகளும்

‘உலகம் பலவிதம்’ என்பது பெரியோர் வாக்கு. உணவிலும் உடையிலும் நாம் காணும் அவ்வேற்றுமை இசையிலே இன்னும் மிகுதி. ஒருவர் செவிக்குத் தேனாக இனிப்பது மற்றொருவர் செவிக்கு வெறும் இரைச்சலாக இருக்கிறது. ஆகவே இசையைப் பற்றி வாதிடுவது வீண் வேலை என்று சிலர் கூறுவர். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். இவ்வாண்டு எங்களுக்கு ஏற்பட்ட ஓர் அனுபவம் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. அதனை இவ்விதழின் வாயிலாக அருட்சகோதரியர், பெற்றோர், அன்புத் தோழியர் அனைவரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் நாட்களில், மேல் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சிலர் ஓர் ஆங்கிலப் பாடலைச் சேர்ந்திசையாகப் பாட ஆசைப்பட்டோம். பிங்க் ஃபிளாய்ட் என்னும் இங்கிலாந்து நாட்டு ராக் இசைக்குழு 1979ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அனதர் பிரிக் இன் தி வால்’ என்பதே அப்பாடல். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து பாடும் பகுதி அதில் உண்டு. தாளம் எளியது, கற்றுக்கொள்வதும் எளிது. ஆனால் அப்பிள்ளைகள் பாடுவது என்னவென்றால், தங்களுக்குக் கல்வியே வேண்டாம் என்பது! பள்ளி மேடையில் இதைப் பாடினால் எப்படியிருக்கும் என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இசைப் பயிற்சி அளிக்கும் அருட்சகோதரியிடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டோம். சினம் கொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, “இந்தப் பாட்டு ஒரு பெரிய கதையின் நடுவில் வருகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் முழுவதையும் கேட்டீர்களா?” என்று மட்டும் வினவினார். நாங்கள் விழித்தோம். கைப்பேசியில் அந்த ஒரு பாட்டைத் தவிர வேறொன்றையும் நாங்கள் கேட்டதில்லை. “கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்” என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் எல்லோரும் பாயில் அமர்ந்து ‘தி வால்’, அதாவது ‘சுவர்’, என்னும் அந்த இரட்டை இசைத்தட்டின் நான்கு பக்கங்களையும் கேட்டோம். 26 பாடல்கள், ஏறத்தாழ 80 நிமிடங்கள். தந்தையாரின் கல்லூரி நண்பர் ஒருவரும் வந்திருந்தார். அவரை நாங்கள் மாமா என்றே அழைத்தோம். இருவரும் அக்குழுவின் இரசிகர்கள். ஆனால் இந்த ஓர் இசைத்தட்டைப் பற்றி மட்டும் அவர்கள் நாற்பது ஆண்டுகளாக ஒத்துப்போனதில்லையாம்!

முதலில் இத்தகைய இசைத்தட்டு எதுவென்று சொல்லிவிடுகிறோம். நீண்டு ஓடும் இசைத்தட்டு 1948இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடக்கூடிய அதில், முதலில் தனித்தனிப் பாடல்களையே பெரும்பாலும் தொகுத்து அளித்தனர். பின்னர், 1960களில், தட்டு முழுவதையும் ஒரே பொருளால் இணைத்துப் பாடும் வழக்கம் ராக் இசையில் வலுப்பெற்றது. 1967இல் பீட்டில்ஸ் குழுவினரின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வெளிவந்தது. 1969இல் ‘தி ஹூ’ என்னும் குழுவினர் ‘டாமி’ என்று ஒரு கதையையே பாடினர். அவ்வழியில் வந்ததுதான் ‘சுவர்’.

கதை இதுதான். பிங்க் என்ற சிறுவனின் தந்தை போரில் இறந்துவிடுகிறார். தாய் அவனை அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள். பள்ளியில் ஆசிரியர் ஏளனம் செய்கிறார். வளர்ந்து புகழ்பெற்ற பாடகனாகிறான், மணவாழ்க்கை முறிகிறது. ஒவ்வொரு துன்பமும் ஒவ்வொரு செங்கல்லாகி, அவனுக்கும் உலகத்துக்கும் இடையே சுவர் எழும்புகிறது. இரண்டாம் பக்கத்தின் முடிவில் சுவர் முழுமை பெறுகிறது. அதன்பின் தனிமையில் அவன் மனம் சீர்கெடுகிறது. தன்னை ஒரு கொடுங்கோலனாகவே கற்பனை செய்துகொள்கிறான். இறுதியில் அவன் மனத்துக்குள்ளேயே ஒரு வழக்கு நடக்கிறது. சுவரை இடித்துத் தள்ளும்படி தீர்ப்பு வருகிறது.

இக்கதை பிறந்த விதமும் அறியத்தக்கது. 1977ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள், கனடா நாட்டு மான்ட்ரியால் நகரின் ஒலிம்பிக் அரங்கில் நடந்த கச்சேரியில், கூச்சலிட்டுக்கொண்டிருந்த இரசிகர் ஒருவர் மீது குழுவின் பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் உமிழ்ந்துவிட்டார். பின்னர் தம் செயலை எண்ணித் தாமே திடுக்கிட்டார். கேட்பவர்களுக்கும் தமக்கும் இடையே ஒரு சுவர் இருப்பதாக உணர்ந்தார். அந்த நாணமே இக்கதைக்கு விதை. 1980, 1981ஆம் ஆண்டுகளில் இதனை மேடையேற்றியபோது, கச்சேரி நடக்க நடக்கவே அட்டைச் செங்கற்களால் சுமார் 40 அடி உயரச் சுவர் ஒன்றைக் கட்டி, முடிவில் இடித்துக் காட்டினர்.

இனி வாதத்துக்கு வருவோம்.

“பாதித் தட்டு போதும்” என்பது மாமாவின் கட்சி. இரண்டு தட்டுகளுக்கு இழுக்க வேண்டிய சரக்கு இதில் இல்லை. கதையை நகர்த்துவதற்காகவே பல சிறு பாடல்கள் செருகப்பட்டுள்ளன. அவற்றைத் தனியே எடுத்துக் கேட்க யார் விரும்புவார் என்று கேட்டார். இதே குழு 1973இல் வெளியிட்ட ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஒரே தட்டில் காலம், பணம், மரணம், மனநோய் என்று மனித வாழ்வையே அடக்கிவிட்டதே என்றும் சுட்டிக்காட்டினார்.

தந்தையார் விடவில்லை. படிக்கட்டில் எல்லாக் கல்லும் சிற்பமாக இருக்க வேண்டுமா, கால் வைத்து ஏறினால் போதாதா என்றார். நான்காம் பக்கத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கிறது. அதன் மறுபாதி முதல் பக்கத்தின் தொடக்கத்தில் மெல்லிய குரலில் கேட்கிறது. அதாவது, அந்தாதியைப் போல முடிவே தொடக்கமாகிறது. இடிந்த சுவர் மீண்டும் எழும்பும் என்பது இதன் பொருள். “இதை ஒரு பாட்டில் சொல்ல முடியுமா?” என்று அவர் கேட்டபோது, மாமா காப்பியைக் குடித்துச் சமாளித்துக்கொண்டார்.

இரண்டாம் வாதம், இது குழுவின் படைப்பா, தனி மனிதரின் படைப்பா என்பது. 26 பாடல்களில் பெரும்பாலானவை வாட்டர்ஸ் ஒருவரே எழுதியவை. பதிவு நடந்த காலத்திலேயே கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் குழுவிலிருந்து விலக்கப்பட்டார்; அடுத்து வந்த கச்சேரிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். “மனிதர்களுக்கிடையே சுவர் கூடாது என்று பாடிக்கொண்டே கூட்டாளியை வெளியே தள்ளினார்களே!” என்றார் மாமா. இதற்குத் தந்தையாரால் நேரடியாக விடை கூற இயலவில்லை. ஆனால் அத்தட்டின் மிகச் சிறந்த பாடல் என்று இரு கட்சியினரும் ஒப்புக்கொள்ளும் ‘கம்ஃபர்டப்லி நம்’ கூட்டு முயற்சியால் விளைந்தது என்பதை நினைவூட்டினார். அதன் இசை டேவிட் கில்மருடையது, சொற்கள் வாட்டர்ஸுடையவை. அப்பாடலின் இறுதியில் கில்மரின் கிதார் பேசும்போது எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் சொல்லையும் ஒருவர் நாதத்தையும் கொண்டு வந்தபோதுதான் அந்தத் தட்டு உச்சத்தைத் தொட்டது. இந்த இடத்தில் எங்கள் வாக்கு மாமாவுக்கே. ‘தனி மரம் தோப்பாகாது’ என்னும் பழமொழிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இப்படி வாதம் சூடு பிடித்திருந்த வேளையில், அதுவரை பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த தோழியின் தாயார் ஒரு கேள்வி கேட்டார். “நாலு பக்கமும் கேட்டாச்சு. அந்தப் பையனோட அம்மா பக்கம் எந்தப் பக்கம்?”

கூடம் அமைதியாகிவிட்டது.

அக்கேள்வியை நாங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். இன்றுவரை அதை மறக்க முடியவில்லை. எண்ணிப் பார்த்தால், இந்தக் கதையில் தாயும் மனைவியும் சுவரின் செங்கற்களாகவே வருகின்றனர். ‘மதர்’ என்ற பாடலில் தாயின் சொற்களைப் பாடுவது கில்மரின் ஆண்குரல். இறுதி வழக்கில் தாயும் மனைவியும் சாட்சி சொல்ல வருகிறார்கள். அவர்களுக்கும் வாட்டர்ஸே குரலை மாற்றிப் பாடுகிறார். போதாக்குறைக்கு, பள்ளி ஆசிரியரின் கொடுமைக்கும் அவர் வீட்டு மனைவியே காரணம் என்று ஒரு பாடல் கைகாட்டுகிறது! 1990ஆம் ஆண்டு ஜூலையில், பெர்லின் சுவர் இடிக்கப்பட்ட இடத்தருகே வாட்டர்ஸ் இதனை மீண்டும் மேடையேற்றியபோது, வழக்குக் காட்சியில் தாயாக மேரியான் ஃபெய்த்ஃபுல் அவர்களும் மனைவியாக ஊட்டே லெம்பர் அவர்களும் பாடினர். பெண் குரல் வந்தது, உண்மை. ஆனால் பாத்திரங்களின் சொற்கள் பழையவையே.

உண்மை வாழ்க்கையில் வாட்டர்ஸின் தாயார் யார் தெரியுமா? பள்ளி ஆசிரியை! தந்தையார் எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸும் ஆசிரியரே. அவர் 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில் இத்தாலி நாட்டு ஆன்சியோ போர்க்களத்தில் உயிர் நீத்தார். அப்போது ரோஜர் பிறந்து ஐந்து திங்களே ஆகியிருந்தன. கணவரை இழந்த அந்த ஆசிரியை இரு மகன்களையும் கேம்பிரிட்ஜில் வளர்த்து ஆளாக்கினார். கதையில் வரும் தாய் அப்படியே அவர்தாம் என்று நாங்கள் கூறவில்லை. கதை வேறு, வாழ்க்கை வேறு. ஆயினும் போரில் கணவனைப் பறிகொடுத்த பெண் தன் பிள்ளையைப் பொத்தி வைப்பதற்கு அவளுடைய அச்சமும் காரணமாக இருக்குமே! இத்தனை பாடல்களில் ஒன்றேனும் அவள் பக்கம் நின்று பாடப்பட்டிருக்கலாகாதா? அவளும் ஒரு சுவருக்குள் இருந்திருக்க மாட்டாளா? இதுவே இந்தப் படைப்பின் பெருங்குறை என்று நாங்கள் கருதுகிறோம். தட்டு நீளம் என்பதல்ல குறை. அந்த நீளத்தில் அவளுக்கு இடமில்லை என்பதே குறை.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. சுவருக்குள் இருப்பவன் கண்ணுக்கு மற்றவர்கள் செங்கல்லாகத்தானே தெரிவார்கள், கதையின் கருத்தே அதுதானே என்று தந்தையார் வாதிட்டார். மேலும் கதைத்தலைவன் பிறர்மேல் பழி போடுவதோடு நின்றுவிடவில்லை. தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறான் என்றார். இது நல்ல வாதமே. தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நேர்மையே இப்படைப்பைத் தாங்கி நிற்கிறது. ஆனாலும், சுவர் இடிந்த பிறகாவது அவன் தாயைத் திரும்பிப் பார்த்து, “நீ எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டிருந்தால், இடிந்தது உண்மை என்று நாங்கள் நம்பியிருப்போம்.

இப்பொழுது, நாங்கள் பாட விரும்பிய அந்தப் பாட்டுக்கு வருவோம். முழுக் கதையில் வைத்துக் கேட்டால் அது கல்வியை எதிர்க்கும் பாட்டே அல்ல. பிள்ளைகளை ஏளனத்தால் நசுக்கும் ஆசிரியரை எதிர்க்கும் பாட்டு. தட்டு வெளிவந்த காலத்து வானொலிப் பேட்டியிலேயே, தம் ஆசிரியர்கள் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று வாட்டர்ஸ் தெளிவுபடுத்தினார். ஆனால் அது தனி இசைத்தட்டாக வெளிவந்து, 1979ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வேளையில் பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றபோது, கதை கழன்றுவிட்டது; பல்லவி மட்டும் நின்றது. நாங்களும் அந்தப் பல்லவியை மட்டுமே பிடித்துக்கொண்டோம்.

அதே பாட்டு 1980இல் தென்னாப்பிரிக்காவில் பெற்ற பொருள் வேறு. நிறவெறி அரசு வெள்ளையரல்லாத பிள்ளைகளுக்குத் தாழ்ந்த கல்வியே அளித்து வந்தது. அதனை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்த மாணவர்கள் இப்பாட்டைப் பாடினர். அரசு அதைத் தடை செய்தது. கல்வி வேண்டாம் என்று பாடிய அப்பிள்ளைகள் உண்மையில் கேட்டது என்ன? நல்ல கல்வி வேண்டும் என்பதைத்தான்! அவர்கள் பாடும்போது அதில் கேலி இல்லை, கண்ணீர் இருந்தது. எங்களைப் போல் சிரித்துக்கொண்டு பாட அவர்களுக்கு வழியில்லை.

மற்றொரு செய்தியையும் கூறவேண்டும். தட்டில் பாடிய பிள்ளைகள் யார்? இலண்டன் மாநகரில் குழுவின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அருகிலிருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளியின் மாணவ மாணவியர் 23 பேர். அவர்கள் குரலையே பலமுறை பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெருங்கூட்டம் பாடுவது போல் ஆக்கினர். அவர்களை அழைத்துச் சென்றவர் யார்? அப்பள்ளியின் இசை ஆசிரியர் அலன் ரென்ஷா! ஆசிரியரைச் சாடும் பாட்டு, ஓர் ஆசிரியர் கை பிடித்து அழைத்துச் செல்லாவிட்டால் இந்த உருவம் பெற்றிருக்காது. ஆசிரியர்கள் வேண்டாம் என்று கூறும் பாட்டுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி நாங்கள் அறிந்தவரை வேறில்லை.

ஆனால் அந்நிகழ்ச்சியிலும் சுவர்கள் இருந்தன. தலைமையாசிரியைக்குப் பதிவு முடிந்த பின்னரே செய்தி தெரிந்தது. பள்ளிக்கு 1000 பவுன் வழங்கப்பட்டது. பாடிய பிள்ளைகளுக்குத் தனித்தனியே பங்கு இல்லை. 1996இல் பிரிட்டனில் சட்டம் மாறியபின், 2004இல் பழைய மாணவர் சிலர் தமக்குரிய பங்கைக் கேட்டு முன்வந்தனர். உலகெங்கும் ஒலித்த குரல்கள் அவர்களுடையவை. ஆனால் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அவர்களில் ஒருவர் பெயராவது தெரியும்? குரலை எடுத்துக்கொண்டு ஆளை மறந்துவிடுவது பெரிய கலைஞர்களுக்கும் நேரக்கூடிய பிழை. தாயின் கதையிலும் பிள்ளைகளின் கதையிலும் நாங்கள் காண்பது ஒரே பிழைதான்.

அப்படியானால் இந்த இசைத்தட்டு நல்லதா, அல்லதா? இரசிகர்கள் கேட்கும் கேள்வி இதுவே. எங்கள் தீர்ப்பு இது: ‘சுவர்’ பெரிய படைப்பு, ஆனால் குறையுள்ள படைப்பு. அதனை முழுவதும் கேட்டவர்களுக்கே அதைப் புகழவும் உரிமை உண்டு, குறை கூறவும் உரிமை உண்டு. ஒரு பாட்டை மட்டும் பறித்தெடுத்து ஆடுபவரும், அந்த ஒரு பாட்டுக்காகவே முழுவதையும் ஒதுக்குபவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். விரல் நுனியில் பாட்டுகளைத் தாண்டிச் செல்லும் இக்காலத்தில், 80 நிமிடங்கள் ஓரிடத்தில் அமர்ந்து ஒருவர் சொல்ல வந்ததை முற்றும் கேட்பதே எங்களுக்குப் புதிய பயிற்சியாக இருந்தது.

இரு நண்பர்களின் வாதத்திலிருந்தும் ஒன்று கற்றோம். நாற்பது ஆண்டு வாதிட்டும் அவர்கள் நட்பு முறியவில்லை. காரணம், மாமா பேசும்போது தந்தையார் தட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். தந்தையார் பேசும்போது மாமா குறுக்கிடவில்லை. ஆனால் இருவருமே, அருகில் அமர்ந்திருந்த தாயாரிடம் நாற்பது ஆண்டுகளில் ஒருமுறையும் கருத்துக் கேட்டதில்லையாம். அன்று மாலை விடைபெறும்போது மாமா அவரைப் பார்த்து, “அடுத்த ஞாயிறு ‘டார்க் சைட்’ போடுவோம். நீங்கதான் முதல்ல பேசணும்” என்றார். “பாத்திரம் யாரு கழுவுவா?” என்று தாயார் கேட்டார். இரு நண்பர்களும் எழுந்து டம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினர்!

திங்களன்று அருட்சகோதரியிடம் சென்றோம். அந்தப் பாட்டைத் தனியே எடுத்து ஆண்டு விழாவில் பாடும் எண்ணத்தைக் கைவிட்டோம் என்று தெரிவித்தோம். “யாரும் தடுக்கவில்லையே?” என்றார். “நாங்களே தடுத்துக்கொண்டோம், சிஸ்டர்” என்றோம். அவர் முகத்தில் புன்னகை அரும்பியது.

அதற்குப் பதிலாக ஒரு விண்ணப்பத்தை இவ்விதழின் வாயிலாகவே பணிவுடன் வைக்கிறோம். வரும் கல்வியாண்டில் இலக்கிய மன்றத்தின் ஒரு பிற்பகலை எங்களுக்கு அளியுங்கள். ‘சுவர்’ முழுவதையும் கேட்போம். ‘பிங்கின் தாயார் குற்றவாளியா?’ என்பதையே பட்டிமன்றத் தலைப்பாக வைப்போம். பெற்றோரும் வரட்டும், ஆசிரியைகளும் வரட்டும். ஏளனம் செய்யும் ஆசிரியரைப் பற்றி மாணவியரும், சொல் கேளாத மாணவியரைப் பற்றி ஆசிரியைகளும் மனம் விட்டுப் பேசட்டும். தாயின் பக்கம் நின்று வாதாட எங்கள் வகுப்பில் இப்போதே ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்குத்தான் ஆள் தேவை!